நடைக்கு நடுவே ஒரு நாள்: பாண்டியில் நண்பரோடு தங்கிப் போக

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ புதுச்சேரிக்குள் நுழைவார்கள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் முடிந்திருக்கும். மீதி அதைவிடக் கூடுதல். கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருக்கும் அந்த நேரத்தில்தான் போன் வரும். "மச்சான், பாண்டி வந்துட்டியாமே? நானும் வர்றேன். ஒரு நாள் சுத்திப் பார்த்துட்டு அப்புறம் நட."

வரச் சொல்லுங்கள். நடைப்பயணத்தின் நடுவில் ஒரு நாள் நிற்பது நல்லது. பழகிய முகம் ஒன்றோடு நிற்பது இன்னும் நல்லது. ஆனால் அந்த நாளை எப்படிச் செலவழிப்பது என்று முதல்முறை நடப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

முதல் தடவை என் நண்பன் காலை பத்து மணிக்கு வண்டியில் வந்து இறங்கினான். உச்சி வெயிலில் ஆரோவில் போனோம். அங்கே தியானத்துக்காகக் கட்டிய மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால்கூடப் பார்வையாளர் மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் போல நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அங்கிருந்து மணக்குள விநாயகர், வெறுங்காலோடு. அப்புறம் பெரிய மார்க்கெட். அப்புறம் கடற்கரைச் சாலையில் இந்த முனையிலிருந்து அந்த முனை. ஒவ்வொரு முறையும் அவன் சொன்னது ஒரே வார்த்தை: "பக்கத்துலதான்டா." இரவு போனை எடுத்துப் பார்த்தால் 13 கிலோமீட்டர். மறுநாள் கடலூருக்கு நடக்க வேண்டியவன் கிருமாம்பாக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. மீதி வழி பஸ்.

வண்டியில் வந்தவருக்குப் பக்கம் என்றால் நாலு கிலோமீட்டர். நடந்து வந்தவருக்குப் பக்கம் என்றால் எதிர்க்கடை. இந்த வித்தியாசத்தை முன்னாலேயே பேசி முடித்துவிட்டால் பாதி வேலை ஆயிற்று.

நாளைத் தேர்ந்தெடுப்பது

வெள்ளி, சனி, ஞாயிறு வேண்டாம். சென்னையும் பெங்களூரும் மொத்தமாகப் பாண்டிக்கு வந்து இறங்கும் நாட்கள் அவை. லாட்ஜ் வாடகை ஏறிவிடும். அறை கிடைத்தாலும் பக்கத்து அறையில் விடிய விடியப் பாட்டு ஓடும். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆக, செவ்வாய், புதன், வியாழன்தான் நமக்கு.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கி செப்டம்பர் 8 வரை நடக்கும். அதற்குப் போய்ச் சேரும் கணக்கில் நடப்பவர்கள் ஆகஸ்ட் கடைசியில் பாண்டியைக் கடப்பார்கள். அந்த நாட்களில் சாலையோரம் காவி உடுத்த கூட்டம் இருக்கும். தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் பந்தல் போட்டிருப்பார்கள். சற்று முன்னால் கிளம்பி ஆகஸ்ட் நடுவில் வருகிறவர்கள் 15, 16 தேதிகளைத் தவிர்க்கலாம். சுதந்திர தின நாளே அரவிந்தர் பிறந்த நாளும் என்பதால் ஆசிரமத்தில் கூட்டம் நெரியும். மறுநாள் 16, பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். இங்கே அதற்கும் விடுமுறை.

சும்மா கடலோரமாக நடக்க ஆசைப்படுகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து இதே ஊரைத்தான் மூழ்கடித்தது. வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையோடு விளையாடுவதில்லை.

எங்கே நிறுத்தினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் முழுத் தூரத்தையும் காலால்தான் கடக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவருக்கும் பிடிவாதம் பிடித்தவருக்கும் இதுதான் முக்கியம். நடையை எந்த இடத்தில் விட்டீர்களோ அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இல்லையென்றால் "நடுவுல ரெண்டு கிலோமீட்டர் வண்டியில போயிட்டேனே" என்று நாகப்பட்டினம் வரை மனசு அரித்துக்கொண்டே இருக்கும்.

வடக்கிலிருந்து வரும்போது எல்லை குழப்பும். காலாப்பட்டில் புதுச்சேரி என்று பலகை வரும். அப்பாடா என்று மூச்சுவிட்டால் கொஞ்ச தூரத்தில் மறுபடி தமிழ்நாடு. கோட்டக்குப்பம் தாண்டி முத்தியால்பேட்டையில்தான் நகரம் தொடங்கும். அங்கே ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. நான் எப்போதும் நடையை அங்கேதான் நிறுத்துவேன். யாருக்கும் அடையாளம் சொல்லலாம், நண்பருக்கும் வண்டியோடு வந்து நிற்க எளிது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பையைத் தூக்கி வண்டியில் வையுங்கள். அந்த நிமிஷத்திலிருந்து மறுநாள் விட்டு அடுத்த நாள் விடியும் வரை தேவையில்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது.

நண்பரிடம் முன்கூட்டியே பேசவேண்டியவை

ஒன்று, வண்டியோடு வரச் சொல்லுங்கள். முடியாதென்றால் பாண்டியில் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும், முன்பணமும் கேட்பார்கள். வண்டி எடுத்ததும் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு முறை நான் போடாத கீறலுக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

ரயிலில் வருவதென்றால் இன்னொரு கணக்கு. பாண்டி ரயில் பாதை விழுப்புரத்திலிருந்து வந்து பாண்டியோடு முடிந்துவிடும். கடலூரில் சந்திக்கலாம் என்று முடிவு செய்தால் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்கச் சொல்லுங்கள். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகிற பாதை அது. பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவே ரயில் இல்லை, ஆனால் பஸ் ஓயாமல் ஓடும்.

இரண்டு, முதல் நாள் இரவே வந்துவிடச் சொல்லுங்கள். காலையில் வருகிறேன் என்பவர் பத்து மணிக்குத்தான் வருவார். அதற்குள் உங்கள் நாளின் நல்ல பகுதி போயிருக்கும். ஐந்தாறு நாள் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நடந்த உடம்பு, ஓய்வு நாளிலும் மூன்று மணிக்கே எழுப்பிவிடும். அதைத் திட்டாதீர்கள். பயன்படுத்திக்கொள்ளலாம்.

மூன்று, எத்தனை இடம் என்று எண்ணிச் சொல்லிவிடுங்கள். என் அளவு: மூன்று இடம், ஒரு கடல். அதற்கு மேல் நண்பருக்கு ஆசை இருந்தால், நீங்கள் மதியம் தூங்கும்போது அவர் தனியாகப் போய் வரட்டும். ஆரோவில் அவருக்குத்தான். உள்ளே தியான மண்டபத்தில் உட்கார வேண்டுமென்றால் முன்பதிவு வேறு வேண்டும். நடையில் இருக்கிறவரால் எந்தத் தேதிக்கு வந்து சேர்வோம் என்று சொல்லவே முடியாது. இதையெல்லாம் கேட்டு அவர் முகம் சுளித்தால், சென்னை திரும்பிய பிறகு ஒரு நாள் முழுக்க அவர் சொல்கிற இடமெல்லாம் வருவதாக வாக்குக் கொடுங்கள்.

நான்காவதாக, அவர் வரும்போது எடுத்துவர வேண்டியவை. உங்கள் பழைய ரப்பர் செருப்பு, இரண்டு ஜோடி புது சாக்ஸ், துவைத்த பனியன், வாஸ்லின். ஊரில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கடைக்குப் போவதும் நடைதான்.

வந்து சேர்ந்த இரவு

குளிப்பதற்கு முன் காலைப் பாருங்கள். வெளிச்சத்தில், உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். நண்பர் அருவருப்படைந்தால் அவர் நண்பரே இல்லை.

சின்னக் கொப்புளம், வலியில்லை என்றால் தொடவே வேண்டாம். மேலே ஒரு பிளாஸ்டர் போதும். பெரிதாக நீர் கோத்து, அடி வைத்தால் உயிர் போகிறது என்றால்தான் குத்த வேண்டும். மருந்துக்கடையில் புது ஊசி வாங்கி, காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி நீரை வெளியே விடுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அடியில் இருக்கும் பச்சைத் தோலுக்கு அதுதான் மூடி. கிருமிநாசினிக் களிம்பு தடவிக் கட்டுங்கள். கொப்புளத்துக்குள் ஊசியால் நூல் கோத்து அப்படியே விடும் பழக்கம் நடைக் கூட்டங்களில் உண்டு. நீர் வடியும் என்பது உண்மை. அந்த நூல் வழியாகவே அழுக்கு உள்ளே போகும் என்பதும் உண்மை. நான் செய்வதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊசியையே எடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ யாராக இருந்தாலும் மருத்துவரிடம்தான். அப்போது சுற்றிப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது.

தொடை உரசி எரிகிறவர்கள் பவுடரைக் கொட்டாதீர்கள். வியர்வையில் கட்டிகட்டியாகி இன்னும் அறுக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு லுங்கி கட்டிப் படுங்கள். தூங்கும்போது காலுக்கு அடியில் இரண்டு தலையணை. தரைத்தளத்தில் அறை கேளுங்கள். "லிப்ட் இருக்கு சார்" என்பார்கள்; மின்சாரம் போனால் மூன்று மாடி உங்கள் முட்டிக்குத்தான்.

அந்த நாள்

மூன்றுக்கோ நாலுக்கோ விழிப்பு வரும். ஐந்தரைக்கு நண்பரை எழுப்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, வண்டியில் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். அதனால் ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் நிறுத்திவிட்டுக் காந்தி சிலை பக்கம் போய் உட்காருங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளச் சாலை அது; முழுதும் நடக்க வேண்டாம். காந்தி சிலை, எதிரே 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், இந்தப் பக்கம் கடல். எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். வெளியூர்க்காரர்கள் விழிக்காத அந்த நேரத்தில் இருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் விறுவிறுவென்று கையை வீசிக்கொண்டு போவார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு நடக்காமல் உட்கார்ந்திருக்கும் சுகம், ஐந்து நாள் நடந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

கடற்கரை என்றாலும் பெரும்பகுதி கருங்கல் குவியல்தான். துறைமுகத்துக்காகத் தெற்கே கடலுக்குள் சுவர் கட்டிய பிறகு மணல் அரித்துப் போய்விட்டது. தெற்கிலிருந்து வடக்கே நகர வேண்டிய மணலை அந்தச் சுவர் மறித்துக்கொண்டது. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்ததில் தலைமைச் செயலகம் பக்கம் மட்டும் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. பாறை மேல் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், உங்கள் கணுக்கால் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் கால் நனைத்தால் வலி போகும் என்று வழியில் பலர் சொல்லியிருப்பார்கள். லாட்ஜில் வாளித் தண்ணீரில் கல்லுப்பு போட்டு நனைப்பது வேறு. உடைந்த கொப்புளத்தோடு மணலில் இறங்குவது வேறு.

ஏழு மணிக்குள் மணக்குள விநாயகர் கோயில். நேரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், செருப்பைக் கழற்றவேண்டிய இடம் எதுவானாலும் வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். சூடேறிய கருங்கல்லில் புண்ணான பாதத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாசலில் ஆசி கொடுத்துக்கொண்டிருந்த யானை லட்சுமி இப்போது இல்லை. 2022 நவம்பர் 30 அன்று காலை நடைக்குப் போன இடத்தில் சரிந்து இறந்துபோனது. ஊரே திரண்டு அழுதது. முன்பு பார்த்தவர்கள் அந்த வாசலில் இன்னும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.

சாப்பாடு இட்லி, பொங்கல், எது வேண்டுமானாலும். பாண்டி பேக்கரிகளில் நீள ரொட்டி கிடைக்கும். மொறுமொறுவென்று இருக்கும்போதே பிய்த்துத் தின்னலாம். புதுச் சாப்பாடு எதையாவது சோதித்துப் பார்க்க இது நாளில்லை. நண்பர் நண்டு கேட்பார். அவர் தின்னட்டும். அடுத்த நாள் வழியில் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எட்டு மணிக்கு மேல் அரவிந்தர் ஆசிரமம். அரவிந்தர் 1910 ஏப்ரலில் கல்கத்தாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். ஆசிரமம் அமைந்தது 1926-இல். உள்ளே பேசக் கூடாது, போன் கூடாது. மரத்தடியில் மலர் பரப்பிய சமாதி, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள். நம்பிக்கை உண்டோ இல்லையோ, அரை மணி நேரம் யாரும் உங்களைப் பேச வைக்காமல், எங்கும் நகர்த்தாமல் உட்கார விடுகிற இடம். நண்பராலும் "பக்கத்துலதான்" என்று சொல்ல முடியாது.

பத்தரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிடுங்கள். மதியம் தயிர் சாதம், மோர். மூன்று மணி வரை தூக்கம். ஓய்வு நாளின் உயிரே இந்தத் தூக்கம்தான். இதை விட்டுக்கொடுத்தால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

மாலை நாலு மணிக்கு அரிக்கமேடு. நகரத்துக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர் போல, அரியாங்குப்பத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு "என்னடா, ஒண்ணுமே இல்லையே" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். தோப்பு, மண்மேடு, உயரமாக நிற்கும் செங்கற்சுவர்த் துண்டுகள். அந்தச் சுவரும் ரோமானியர் கட்டியது இல்லை, 18-ஆம் நூற்றாண்டுக் கிறித்துவப் பணியாளர்களின் கட்டடத்தில் எஞ்சியது. ஆனால் கால் அடியில் இருக்கும் மண்ணைத்தான் 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டினார். ரோம நாட்டுப் பானையோடுகள், மதுச்சாடிகள், மணி செய்த இடங்கள் எல்லாம் வந்தன. அவை காலம் தெரிந்தவை என்பதால், அவற்றோடு கிடைத்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஓர் அளவுகோல் ஆயிற்று. கிரேக்கக் கடலோடி ஒருவர் எழுதிவைத்த பொதுக்கே என்ற துறைமுகம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

எனக்குப் பாண்டியிலேயே பிடித்த இடம் இது. காரணம் வரலாறு மட்டும் இல்லை. வண்டி தோப்பு வரை போகும், நிழல் உண்டு, ஆற்றுக்காற்று உண்டு, வரிசையில் நிற்க வேண்டாம். துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு நண்பரோடு இரண்டு மணி நேரம் பேசலாம். ஐந்து நாளில் நீங்கள் யாரோடும் முழுசாகப் பேசியிருக்க மாட்டீர்கள். கீழே மணியோ ஓடோ கிடந்தால் எடுக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே கிடைத்தவற்றைப் பார்க்க ஆசை இருந்தால் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதற்காக ஆசிரமத்தை விட்டுவிட்டு அங்கே போகலாம். இரண்டும் வேண்டாம்.

சுண்ணாம்பாறு படகுத்துறையும் அதே சாலையில் இன்னும் தெற்கேதான். படகில் உட்கார்ந்தே போகலாம் என்பது நல்ல வாதம்தான். ஆனால் இறங்கும் பாரடைஸ் கடற்கரையில் மணலில் நடக்க வேண்டும். கெண்டைக்கால் பிடித்திருப்பவருக்கு மணல் எமன். போவதென்றால் அரிக்கமேட்டை விடுங்கள்.

எட்டரை மணிக்குப் படுக்கை. நண்பருக்குப் பாண்டி அப்போதுதான் தொடங்கும். போகட்டும், சாவி ஒன்று அவரிடம் இருக்கட்டும்.

பாட்டில் பற்றி ஒரு வார்த்தை

பாண்டிக்கு வந்துவிட்டுக் குடிக்காமல் போவதா என்று ஒருவர் கேட்பார், அது நண்பராகவே இருக்கும். ஒழுக்கம் சொல்ல வரவில்லை. விரதம் இருந்து நடப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. மற்றவர்களுக்குச் சொல்வது இதுதான்: வெயிலில் ஐந்து நாள் வற்றிய உடம்பை மது இன்னும் வற்ற வைக்கும். மறுநாள் பத்து மணி வெயிலில் அதன் கணக்கு வரும். இன்னொன்று, விலை மலிவு என்று பையில் ஒன்று போட்டுக்கொள்ளாதீர்கள். கடலூர் சாலையில் முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. பாண்டிச் சரக்கோடு எல்லை தாண்டுவது குற்றம், சோதனையும் நடக்கும். நண்பர் ஊருக்குத் திரும்பும் வண்டிக்கும் இதேதான்.

கடலூரில் நிற்பவர்களுக்கு

பாண்டி நெரிசல் பிடிக்காதவர்கள் ஒரு நாள் கூட நடந்து கடலூரில் நிற்கலாம். அறை மலிவு, கூட்டம் குறைவு, ஊர் நம்முடைய வேகத்தில் இருக்கும். என் வயதில் நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

கடலூரில் பார்க்கவேண்டியது தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரை என்று எழுதியிருப்பார்கள், ஊரில் எல்லோரும் சில்வர் பீச் என்பார்கள். பாண்டியில் காணாத மணல் இங்கே அகலமாகக் கிடக்கும். மாலையில் சுண்டல், மாங்காய், பஜ்ஜி. குளிக்க இறங்க வேண்டாம், இழுக்கிற கடல். அங்கேயே கெடிலம் ஆற்றோரம் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம் உண்டு. ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் மராத்தியரிடமிருந்து அந்தக் கோட்டையை வாங்கியபோது போட்ட ஒப்பந்தம் வேடிக்கையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்தி. விடுவார்களா? எல்லாத் திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த பிறகு சில வருஷம் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் இதையும் பிடித்துத் தகர்த்தார்கள். இப்போது பார்க்க அதிகம் மிச்சமில்லை. ஒரு குண்டு பறந்த தூரத்தை நண்பர் வண்டியில் பத்து நிமிஷத்தில் காட்டிவிடுவார்; நாம் அதை நடந்தே வந்திருப்போம்.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்கு நடந்து வருகிறவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டும் என்பது என் சொந்த விருப்பம். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது, கல்லே தெப்பமாகி அவர் கரையேறிய ஊர் இது என்பது மரபு. கரையேறவிட்ட குப்பம் என்று ஊர்ப்பெயரே கடலூரில் இருக்கிறது. கோயில் கோயிலாகத் தமிழ்நாடு முழுக்க நடந்தே திரிந்தவர் அவர். கொப்புளம் பற்றி அவருக்குத் தெரியாததா? நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மாலை நாலரைக்கு மேல் போனால் பிராகாரக் கல்லும் ஆறியிருக்கும்.

திருவந்திபுரம் தேவநாதசாமி கோயில் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, கெடிலக்கரையில். முகூர்த்த நாளில் போகாதீர்கள். ஒரே நாளில் அத்தனை கல்யாணம் நடக்கும், வண்டி நிறுத்தக்கூட இடம் இருக்காது. எதிரே ஔஷதகிரி என்ற சிறு குன்றின் மேல் ஹயக்ரீவர் சன்னதி. 74 படி. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் முட்டி சொல்லும். நண்பர் ஏறி வரட்டும், நீங்கள் கீழே பெருமாளைப் பாருங்கள்.

வடலூர் கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பு அணையாமல் இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறது. ஓய்வு நாளை வேறெதிலும் செலவழிக்காமல் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு ஞானசபை மைதானத்தில் காற்று வாங்கிவிட்டு வந்தாலும் எனக்குச் சம்மதம்தான். பிச்சாவரத்தை மட்டும் ஓய்வு நாளில் திணிக்காதீர்கள். சிதம்பரம் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து 16 கிலோமீட்டர் போலத்தான்; அங்கே இன்னொரு அரை நாள் நின்றால் பார்த்துக்கொள்ளலாம்.

மறுபடி தொடங்குவது

பாண்டியில் நின்றவர் மூன்றரைக்கு எழுந்து, காலைக் கட்டி, நாலரைக்கு மணிக்கூண்டில் இருக்க வேண்டும். நண்பர் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவார். மெதுவாகப் போகச் சொல்லுங்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். ஓய்வெடுத்தது தப்போ என்றுகூடத் தோன்றும். மரப்பாலம் வருவதற்குள் ரத்தம் ஓடத் தொடங்கிவிடும். அதுவரை வேகம் பிடிக்காதீர்கள்.

வழி நேர்வழி: மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், சுண்ணாம்பாற்றுப் பாலம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை. அப்புறம் தமிழ்நாடு, பெண்ணையாற்றுப் பாலம், ஆல்பேட்டை, மஞ்சக்குப்பம். 25 கிலோமீட்டருக்குள்தான். எதிரே வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்பக்கமாக நடங்கள். பாலங்களில் ஒதுங்க இடம் குறைவு. இருட்டில் கடக்க நேர்ந்தால் டார்ச் கையில் இருக்கட்டும். பத்து வருஷம் பாண்டியில் இருந்துவிட்டு 1918 நவம்பரில் பாரதி பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். எல்லைப் பலகையைத் தாண்டும்போது எனக்கு அது ஞாபகம் வரும். நம்மை நிறுத்துகிறவர் அதிகபட்சம் பையைத் திறந்து காட்டச் சொல்வார்.

நண்பரைக் கூடவே வண்டியை உருட்டிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். பின்னால் வண்டி இருக்கிறது என்று தெரிந்தால் கால் பத்தாவது கிலோமீட்டரில் கெஞ்ச ஆரம்பித்துவிடும். மணிக்கூண்டிலேயே வழியனுப்பிவிடுங்கள்.

அவர் கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பையைத் தலைகீழாகக் கொட்டி, ஐந்து நாளில் ஒரு முறைகூட எடுக்காத பொருளையெல்லாம் அவரிடம் கொடுத்து அனுப்புங்கள். இரண்டாவது ஜீன்ஸ், பெரிய துண்டு, ஆசிரமக் கடையில் வாங்கிய ஊதுபத்தி, பாதி படித்த புத்தகம். ஒன்றரைக் கிலோவாவது குறையும். அழுக்குத் துணியைத் தனிப் பையில் கட்டி, அதன் மேல் பேர் எழுதிக் கொடுங்கள். போன முறை நான் எழுத மறந்ததில், என் சாக்ஸ் ஒன்பது நாள் அவன் வீட்டு வரவேற்பறையில் இருந்திருக்கிறது.